பீட்டா அலனின் டப்பா

கார்த்திகை 2. காலை 7.10

ஆழி நிலையம். கன்னியாகுமரிக்குத் தெற்கே, கடலுக்கடியில் இரண்டு கிலோமீட்டர். எழுதுவது சங்கரவடிவு, உயிர்வேதியியல் பிரிவு. ஆக்சிஜன் சரி. கரியமில வாயு சற்றுக் கூடுதல். வெளிவிளக்கு ஒன்று அணைந்து கிடக்கிறது. இன்ஜினியர் சொரிமுத்துவிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இங்கே இருப்பது நாங்கள் இருவர் மட்டுமே.

நேற்று அவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். இனி அவரைச் சாமி என்று கூப்பிட வேண்டும், சண்டை போடக் கூடாது. எனக்கு இரண்டாவதுதான் கஷ்டம். ஒரே லாபம், மாலை கழற்றும்வரை மீன் வாடை கிடையாது. நான் பிறவிச் சைவம். இத்தனை நாள் ஊறுகாயும் சாதமுமாக ஓட்டினேன். இன்று சாமியே சமைத்தார். சாம்பார் நன்றாக இருந்தது, ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

கார்த்திகை 4. மதியம் 1.30

மேலே புயல். மின்கேபிள் அறுந்துவிட்டது, இனி பேட்டரிதான். செய்திக் கம்பி மட்டும் தப்பியது. காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களில் ஒன்று செத்தது. மற்றது மார்கழி முதல் பாதிவரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது. கப்பலிலிருந்து வந்த செய்தி:

"நாங்க துறைமுகத்துக்கு ஒதுங்குறோம். மார்கழி முதல் வாரத்துல திரும்பி வந்துருவோம். நீங்க கேப்ஸ்யூல்ல ஏறி மேல வந்தா எடுத்துக்கறோம். கீழ இறங்கறதுக்கு எங்ககிட்ட வேற கலம் இல்ல. பொறுமையா இருங்க."

பொறுமையாம்! அவர்கள் கரையில் டீ குடித்துக்கொண்டு சொல்வார்கள்.

கேப்ஸ்யூலில் இருவர் போகலாம். அதைப் பிடித்திருக்கும் கொக்கிகளைத் திறக்கிற மோட்டாரில் தண்ணீர் புகுந்துவிட்டது. கைப்பம்பு ஒன்று உண்டு. நான்கு நிமிடம் விடாமல் அடிக்க வேண்டும். நடுவில் நின்றால் எண்ணெய் அழுத்தம் இறங்கி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பம்பு அறையில் ஒரு ஆள்தான் நிற்க முடியும், மாற்றிக்கொள்ள வழியில்லை. கொக்கி திறந்ததும் ஒரு வால்வு அதை அப்படியே பிடித்துக்கொள்ளும், அடித்தவர் வந்து ஏறிக்கொள்ளலாம். இது சாமி சொன்ன விளக்கம்.

கொக்கிக்குப் போகும் எண்ணெய்க் குழாயை அடைத்துவிட்டு, கைப்பலத்தை மட்டும் சோதித்தோம். நான் இரண்டு நிமிடத்தில் விழுந்தேன். அவர் மூன்று நிமிடம் தாங்கினார்.

கார்த்திகை 5. காலை 9.00

மனிதத் தசைக்குள் கார்னோசின் என்று ஒரு சின்னப் பொருள் உண்டு. பீட்டா அலனினும் ஹிஸ்டிடினும் கைகோத்து நிற்பதுதான் அது. இரண்டே அமினோ அமிலங்கள். முழுமூச்சாக வேலை செய்யும்போது தசையில் அமிலம் சேரும், எரியும், பிறகு கை தூக்க வராது. அந்த அமிலத்தைக் கார்னோசின் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து நான்கு நிமிட வேலைக்குத்தான் இதன் உதவி அதிகம். எங்களுக்கு வேண்டியதும் அதேதான்.

கார்னோசினை அப்படியே விழுங்கினால் பெரிய பயன் இல்லை, இரத்தத்தில் ஒரு நொதி அதை வெட்டிப்போட்டுவிடும். பீட்டா அலனினைக் கொடுத்தால் தசை தானே கட்டிக்கொள்ளும். நான்கு வாரம் பிடிக்கும். என் ஆராய்ச்சிக்கு வந்த பீட்டா அலனின் டப்பா ஒன்று இருக்கிறது, ஒரு ஆளுக்குத்தான் காணும். கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்குத் தசையில் கார்னோசின் அதிகம், என்னைப் போன்ற சைவத்துக்குக் குறைவு. ஏற்கெனவே மூன்று நிமிடம் அடிப்பவருக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். இதையெல்லாம் விளக்கி, சாப்பிட்டால் உடம்பு அரிக்கும் என்பதையும் சொல்லி, டப்பாவைச் சாமியிடம் கொடுத்தேன்.

கார்த்திகை 14. மாலை 5.20

காற்று கெட்டதால் வந்த தலைவலி போகவில்லை. சாமிக்கு முன்னேற்றமே இல்லை, அதே மூன்று நிமிடம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று இன்டர்காமில் கேட்டேன். "ஆமா மேடம், கழுத்தெல்லாம் சுள்ளுனு அரிக்கி" என்றார். அரித்தால் சரி, பீட்டா அலனின் அப்படித்தான் செய்யும். பிறகு ஏன் ஏறவில்லை?

கப்பலிலிருந்து இன்று வந்தது ஒரே வரி: "சொரிமுத்துக்குப் பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு, தாயும் சேயும் நல்லாருக்காங்க." மனிதர் கருவி அறையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. சுக்குக் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கார்த்திகை 27. காலை 8.05

காபி குடித்துக் கால் மணி நேரம் இருக்கும். கன்னம், காது மடல், புறங்கை எல்லாம் எறும்பு ஓடுகிற மாதிரி சுள்ளென்கிறது. கெட்ட காற்றின் வேலையா? இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரிந்த அரிப்பு. அடப்பாவி!

8.40. அடுக்களைக்குப் போய்க் கத்தினேன். அவர் மறைக்கவில்லை. மூன்று வாரமாகச் சாம்பாரிலும் காபியிலும் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே கலந்து கொடுத்திருக்கிறார். இன்று கை தவறிக் கூடிவிட்டது. நிலையத்தின் ஒலிப்பதிவிலிருந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நீங்கதான மேடம் அது கறியில உள்ள சத்துன்னு சொன்னிய. மாலையப் போட்டுட்டு அத எப்படி வாயில வைக்க? ஒங்களுக்குத்தான அது கொறச்சல், ஒங்களுக்கே போட்டும்னு நெனச்சேன். சாமி சரணம்."

அது தொழிற்சாலையில் செய்த பொடி. அதில் கறியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. நான்தான் பெரிய வாத்தியார் மாதிரி அன்று விளக்கம் கொடுத்தேன். அரிக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னாரே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. ஆனாலும் விரதத்தில் இருக்கிற மனிதர், தன் பங்கை எனக்குக் கொடுத்திருக்கிறார். அவரிடம் அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? மீதிப் பொடியை நானே கணக்காகச் சாப்பிடுகிறேன். பம்பு அடிக்கப் போவதும் நானே.

மார்கழி 3. மாலை 4.15

சோதனையில் நான்கு நிமிடம் தாண்டினேன். கத்த வேண்டும்போல் சந்தோஷம், கத்தினேன். சாமி கைதட்டினார். பிறகு எனக்கு மட்டும் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தார். நன்றாக இருந்தது என்று இந்த முறை சொன்னேன்.

மார்கழி 7. மதியம் 12.20

கப்பல் மேலே நிற்கிறது. கடல் அமைதி. சுத்திகரிப்பு இயந்திரம் விட்டு விட்டு ஓடுகிறது. நான் பம்பு அறைக்குப் போகிறேன். சாமி கேப்ஸ்யூலில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். இந்தக் குறிப்பைக் கரையில் முடிப்பேன்.

1.05

கரையில் இல்லை.

அடித்தேன். மூன்றாவது நிமிடம் தோளில் லேசான சூடு, அவ்வளவுதான். நான்காவதில் பச்சை விளக்கு. கையை எடுத்தேன், விளக்கு சிவந்தது. பதறிப்போய் அழுத்தம் முழுதாக இறங்குமுன் மறுபடி பிடித்து அடித்தேன், பச்சை. அப்போது கேப்ஸ்யூல் கதவு மூடிப் பூட்டுகிற சத்தம். பிறகு இன்டர்காம்:

"நிறுத்திராதிய மேடம். வால்வு பிடிக்காது, புயலடிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். ஒருத்தர் அடிச்சிட்டே இருந்தாத்தான் இன்னொருத்தர் போவ முடியும். கேப்ஸ்யூல் மேல எழும்பத் தொட்டியில காத்து ரொம்பணும், இன்னும் ரெண்டே நிமிசம். எம் பிள்ள மொகத்த நான் பாக்கணும் மேடம். ஒங்களுக்குன்னு அங்க யாரு இருக்கா?"

பக்தியும் இல்லை, இரக்கமும் இல்லை. பம்பு அடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. வேளாவேளைக்குச் சோறு போட்டு, என் தசையை எனக்கே தெரியாமல் வளர்த்திருக்கிறார். நானும் சாமி சாமி என்று வாங்கித் தின்றேன்.

நெம்புகோலை விட்டேன்.

கொக்கிகள் மூடிக்கொண்டன. கேப்ஸ்யூல் கதவை ஒருமுறை பூட்டினால், கடலுக்கு மேலே போனால்தான் திறக்கும்.

1.25

கப்பல்: "கேப்ஸ்யூல் வரலியே மேடம். கொக்கி தெறந்து மூடிருச்சுன்னு காட்டுது. கை ஓஞ்சு போச்சா? சித்த நேரம் உக்காந்துட்டு மறுபடி அடிச்சுப் பாருங்க."

பதில் அனுப்பவில்லை. இன்டர்காமையும் அணைத்துவிட்டேன். ஆனாலும் இரும்பு வழியாகக் கேட்கிறது. தட்டுகிறார். முதலில் வேகமாகத் தட்டினார், இப்போது விட்டு விட்டு.

2.10

தலை சுற்றுகிறது. எழுத்து கோணுகிறது. இதைக் கண்டெடுப்பவர்களுக்கு ஒன்று. சைவ உணவு, முப்பது நாள் பீட்டா அலனின், இரண்டு நிமிடம் நான்காயிற்று. பெண் தளர்ந்தாள், கார்னோசின் கைவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். இன்னும் இரண்டு நிமிடம் தாராளமாக அடித்திருப்பேன்.

தட்டுகிறார்.

கை ஓயவில்லை. இப்போதும் எழுந்துபோய் அடிக்க முடியும்.

உட்கார்ந்திருக்கிறேன்.