திரையில் ஓடிய உங்கள் ஒரு வரி

நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன் என்று நம் தாமான் குடியிருப்பில் சொல்கிறார்களாம். அது தவறு. கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லிவந்தேன். கேட்டவர் நீங்கள்.

இன்று மதியம் இங்கே பாச்சாங்கில் நல்ல மழை. நம் பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம் போட்டாகிவிட்டது. சற்று நேரம் தொடாமல் விட்டேன். திரை இருண்டது. அதில் எதுவும் வரவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் ஓய்வு பெற்று அந்தக் கணினியை வாங்கி வைத்த புதிது. கான்வென்ட் பழைய மாணவியருக்கான மடலை நான் தட்டச்சு செய்துகொண்டிருக்க, அடுப்பில் நெத்திலி சம்பால் கரியாகிவிட்டது. மறுநாள் எழுந்துபோய்த் திரும்பி வந்தால், கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்துகள் ஊர்ந்துகொண்டிருந்தன: ‘அடுப்ப அணைச்சிட்டியா’. தொடாமல் விட்டால் திரையில் ஓடும் வாசகமாக, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தீர்கள். எனக்கு அது பிடிக்காது.

“கேள்விக்குறி எங்கே?” என்றேன்.

“கேள்வின்னு புரிஞ்சிச்சுல்ல, சிஸ்டர்? போதும் லா.”

கான்வென்ட் கன்னியாஸ்திரியைப் போன்ற என் கண்டிப்புக்காக நீங்கள் வைத்த பெயர் அது. வாயை இறுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்த்தான் சிரித்தேன்.

நீங்கள் போன பிறகும் அந்த வரி வந்தது. உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே, நீரிணையில் தொலைவில் போகும் கப்பல் விளக்குகளைப் போல அது நகரும். அதன் மஞ்சள் உங்கள் நாற்காலியின் கைப்பிடியில் பட்டு விலகும். “அணைச்சாச்சு” என்பேன். மறுபடி கேட்பீர்கள். மறுபடி சொல்வேன். இதற்காகவே பல வருடங்கள் அந்த இயங்குதளத்தை மாற்ற விடவில்லை.

பெர்த்தில் இருக்கும் நம் மகளின் காணொளி அழைப்பு அதில் திறக்க மறுத்தது. கைப்பேசியின் சின்னத் திரையில் அவள் என் கண்ணுக்குத் தெரிவதில்லை. “உங்கள நல்லா பாக்கணும்மா, ப்ளீஸ்” என்று அவள் அழுதாள். இணங்கினேன்.

குருபோங்கில் கணினிக் கடை வைத்திருப்பவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

“போட்டோ, ஃபைல் எல்லாம் பத்திரம், ஆண்டி. இந்த ஓடுற எழுத்து மட்டும் புதுசுல வராது லா. வேற மாதிரி சுத்த விடலாம். நீங்க சொல்லுங்க, அதையே டைப் பண்ணிடறேன்.”

அந்த வரியைக் கடைசியாக ஒரு முறை ஓடவிடச் சொன்னேன். அது முழுதாகக் கடந்துபோகும் வரை அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நின்றார்.

“டைப் பண்ண வேணாம், தம்பி. அது அவர் கேட்டது. நீங்க டைப் பண்ணா நீங்க கேக்கிறதா ஆயிடும்.”

“அதுவும் சரிதான். நான் கேட்டா என் வீட்லயே பதில் வராது, ஆண்டி” என்றார்.

மகளின் முகம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. சிரிக்கும்போது அவளுக்கு உங்கள் கன்னம். அதில் எனக்குக் குறையில்லை. அடுப்பை இன்றும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். கேட்க ஆளில்லை என்பதற்காக அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகுமா?

அழகான மலைகளும் கடலும் திரையில் வரும்படி செய்யலாம் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். வாசகம் எழுதும் இடத்தை உங்களுக்காக வெறுமையாக விட்டிருக்கிறேன். என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள், ஒரு வரி போதும். கனவில் வந்து தலையசைப்பதை நான் ஏற்கமாட்டேன். இந்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.