மல்லாட்டை இலையில் ஆறாவது புள்ளி

12-7-84, வியாழன்
திண்டிவனம்

விழுப்புரம் காலேஜிலிருந்து பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் தள்ளி உட்கார்ந்துவிட்டாள்.

மல்லாட்டைச் செடி, அதாவது வேர்க்கடலைச் செடி, வாடும்போது இலைச்சாற்றில் எந்தெந்த அமினோ அமிலம் கூடுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. சாற்றைத் தாளில் பொட்டு வைத்து, கரைசலில் ஏறவிட்டு, காய்ந்ததும் மருந்து தெளித்துச் சூடு காட்டினால் ஒவ்வொன்றும் ஊதாப் புள்ளியாகத் தெரியும். இத்தனை மாதமாக ஐந்தே புள்ளிகள். இன்று மேலோரத்தில் ஆறாவதாக ஒன்று, எல்லாவற்றையும்விடப் பெரிதாக!

துறைத்தலைவர் துள்ளிக் குதித்தார். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சிருக்கோம்மா" என்றார். என் ஆராய்ச்சியில் அவர் சேர்ந்ததே அந்த நிமிடம்தான். ஓடிப்போய் பிரின்சிபாலையும் அழைத்து வந்துவிட்டார்.

தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஏழுமலை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "மேடம், அது கட்டைவிரலுங்க. சம்பள ரிஜிஸ்டர்ல மாசாமாசம் நான் வச்சிக்கினு வர்றதும் இப்படித்தான் இருக்கும். ஆனா இது என்னுது இல்லீங்க. குறுக்கால தழும்பு இருக்குது பாருங்க."

வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. எப்படி மறந்தேன்? தாள் காய்ந்துவிட்டதா என்று காலையில் யாரோ தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

எல்லோரும் அவரவர் விரலைப் பார்த்தோம். துறைத்தலைவர் மட்டும் கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

"போன மாசம் பலாப்பழம் அரியறப்போ வெட்டிக்கிட்டு, கட்டோட வந்தீங்களே சார், அது எந்த விரலு?" என்று பிரின்சிபால் மெதுவாகக் கேட்டார்.

துறைத்தலைவர் என் பக்கம் திரும்பினார். "இது முழுக்க உன் ஆராய்ச்சிம்மா. நான் எதையும் தொடவே இல்ல."