ஏழு விநாடி

என் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு வலது தோளில் கொஞ்சம் வலி, அப்பாவுக்கு வழக்கமான கோபம், மற்றபடி இருவரும் நன்றாகவே இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, புதுக் கண்ணாடி பழகிவிட்டதா என்பதை மறைக்காமல் எழுது. போனில் எதைக் கேட்டாலும் ‘ம்’ என்கிறாய், அந்த ஒரு எழுத்தை வைத்து நான் எவ்வளவுதான் புரிந்துகொள்வது. எனக்கும் போனில் எல்லாவற்றையும் சொல்ல முடிவதில்லை. நீ கூப்பிட்டால் அப்பா உடனே எழுந்து டம்ளர் கழுவச் சமையலறைக்குப் போய்விடுகிறார். ஒன்பது மாதமாக அதே டம்ளர்தான், ஆனால் குழாயை மட்டும் திறப்பதில்லை, திறந்தால் நீ பேசுவது கேட்காது. தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது, எல்லாக் குழந்தைகளும் ஒரே வாரத்தில் வளர்ந்துவிட்ட மாதிரி மடிப்பைப் பிரித்து நீளமாக்கிக்கொண்டே இருக்கிறேன். உன் அறைச் சுவரில் ஈரம் இறங்கிவிட்டது. பெயின்டர் வருகிறார் என்று அலமாரியை நகர்த்தினோம், அங்கேதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் ராக்கெட்டை உன்னைக் கேட்காமல் பறக்கவிட்டோம், அது கிழிந்துவிட்டது. கோபப்படுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

அலமாரி மேலே நீ காகிதக் குழலில் செய்து வைத்துவிட்டுப் போன ராக்கெட் கீழே விழுந்து ஒரு இறக்கை உடைந்தது. அப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் வேலை முடிந்து வரும்போது கையில் ஒட்டுப்பலகைத் துண்டு இருந்தது. உன்னுடையது தக்கை மாதிரி லேசான மரம், ஊதினால் பறக்கும். இவர் லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, எதைச் செய்தாலும் எட்டுப் பேரைத் தாங்க வேண்டும். மூன்று இறக்கையையும் கழற்றிவிட்டுக் கெட்டியாகப் புதிதாக வைத்தார். பின்பக்கம் கனத்துவிட்டால் நேராகப் போகாது என்று உன் நோட்டில் இருப்பதைப் படித்து, மூக்குக்குள் களிமண் அடைத்தார். மேலே மூன்று கோட் வார்னிஷ் வேறு. நானும் சும்மா இருக்கவில்லை. உன் பிளாஸ்டிக் பாராசூட் மடிப்பில் விரிசல் விட்டிருந்தது, பழைய குடைத்துணியில் ஒன்று வெட்டி ஓரம் அடித்துத் தைத்தேன், மெதுவாக இறங்கட்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே. கடைசியில் மோட்டார் எடையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு கிராம். உன் நோட்டில் அறுபத்தெட்டு. வாழ்நாள் முழுக்க ஒன்பதாவது ஆளை லிஃப்டிலிருந்து இறக்கிவிட்டவர், நாற்பத்து நான்கு கிராமைத் தன் கையாலேயே ஏற்றியிருக்கிறார், அதில் பதினான்கு கிராம் என் பங்கு.

அப்போதுதான் உன் நோட்டை நான் ஒழுங்காகப் படித்தேன். கடையில் வேலைக்கு நடுவே ஆறு நாள் ஆயிற்று. மோட்டார் என்கிற அந்த வெடிமருந்துக் குழாய் எரிவது இரண்டு விநாடிகூட இல்லை, அதன்பிறகு ராக்கெட் தீ இல்லாமல் வந்த வேகத்திலேயே ஏறுகிறது, அந்த நேரத்தில் உள்ளே ஒரு மருந்து மெதுவாகப் புகைந்துகொண்டிருக்கிறது, அது தீர்ந்ததும் ‘டப்’ என்று மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியே விடுகிறது, அது புகைகிற நேரத்தைத்தான் தாமதம் என்று மோட்டாரின் மேல் கடைசி எண்ணாகப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் இத்தனை வருஷம் உன்னோடு ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. உச்சியில் ராக்கெட் ஒரு கணம் நிற்கும்போது அது விரிய வேண்டும். முன்னாலும் வேகம், பின்னாலும் வேகம், அதில் விரிந்தால் கிழிந்துவிடும். நீ போட்டிருந்த மாதிரியே பத்தில் ஒரு விநாடி, பத்தில் ஒரு விநாடியாக, தள்ளுகிற விசையிலிருந்து எடையையும் காற்றின் தடையையும் கழித்துக் கழித்து, அளவுச் சீட்டுகளின் முதுகில் எழுதிக்கொண்டே போனேன். நீ இருநூற்றுத் தொண்ணூறு மீட்டர், தாமதம் ஏழு விநாடி என்று எழுதியிருந்தாய். எனக்கு நூற்று எண்பத்தைந்து மீட்டர் வந்தது, தீ அணைந்து நாலரை விநாடியில் உச்சி. மூன்று, ஐந்து, ஏழு என்றுதான் மோட்டார் கிடைக்கும், அதனால் ஐந்து வாங்கச் சொன்னேன்.

அவர் கேட்கவில்லை. “அவ ஏழுன்னுதானே எழுதியிருக்கா” என்றார். அது பழைய எடைக்குப் போட்டதுங்க, நாமதான் கனத்தை ஏத்திட்டோமே என்றேன். “நீ ஆறு நாள் படிச்சே, அவ ஆறு வருஷம் படிச்சா. அவ போட்ட கணக்குல நாம கை வைக்க வேண்டாம்” என்றார். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். தன் கம்பெனி ஆபீசில் உனக்கு வாங்கித் தந்த வேலையை வேண்டாம் என்று நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று வாசலில் நின்று, “நாலு ராக்கெட் விட்டுட்டா போதுமா, வாழ்க்கைக் கணக்கு ஒண்ணாவது உனக்குப் போடத் தெரியுதா” என்று கத்தியவர் இவர்தான். அதை நினைவுபடுத்த வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏழே வாங்கினோம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மைதானம். உங்கள் ராக்கெட் சங்கத்தை நடத்துகிற பல் டாக்டர் ராக்கெட்டைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, “என்ன சார், ஓவர்லோட் பஸ்ஸர் அடிக்கலையா” என்று கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. உயரம் அளக்க என்னை நூறு மீட்டர் தள்ளி, நூல் கட்டிய கோணமானியோடு நிறுத்தினார்கள். காற்றே இல்லை, அப்பா சுவிட்சை அழுத்தினார், ஊசி மாதிரி நேராகப் போயிற்று. லிஃப்ட் கதவுக்கு நேரம் பார்க்கிற ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு தீ அணைந்ததிலிருந்து சத்தமாக எண்ணினார், எனக்கு நன்றாகவே கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் அது நின்று, மூக்கைக் கீழே திருப்பியது. நூல் அறுபத்தோரு டிகிரியில் நின்றது, அதாவது நூற்று எண்பது மீட்டர். ஐந்து என்றார், குரல் இறங்கியது. ஆறு என்றது பாதிதான் கேட்டது. ஏழு என்று அவர் சொல்லவில்லை, விழுகிற வேகத்தில் பாராசூட் வெடித்து விரிந்தது. என் தையல் ஒரு இழை விடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கட்டியிருந்த கயிறுதான் காகிதக் குழலைக் கத்தி மாதிரி ஒரு சாண் நீளம் கிழித்துவிட்டது.

அப்பா ஓடிப் போய் எடுத்தார், இந்த வயதில் ஓடுவார் என்று எனக்கே தெரியாது. பல் டாக்டர் வந்து, தாமதம் தப்பா போயிடுச்சு, பொண்ணு கணக்குல கோட்டை விட்டுட்டா போல என்றார். அப்பா நிமிர்ந்து, “என் பொண்ணு கணக்குல தப்பு இல்ல டாக்டர். எடையை ஏத்தினது நான்” என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கிழிந்த குழலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நீ போனபின் உன்னைப் பற்றி அவர் வெளி ஆளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

இப்போது புதுக் குழல் ஒட்டியாயிற்று. இறக்கையை மெல்லிசாக இழைத்துவிட்டார், நானும் பாராசூட்டைச் சின்னதாக வெட்டிவிட்டேன். இந்தக் கவரில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், அவர் கையெழுத்து. எடை மோட்டாருடன் 97, குழல் குறுக்களவு 25 மி.மீ., இறக்கை மூன்று, கீழே உயரம், தாமதம் என்று எழுதி இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி. நான்கு தடவை நிறுத்துப் பார்த்த எடை. இதையும் வை என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். சீட்டின் மேலே ஏதோ எழுதி அடித்திருக்கிறது, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உன் பெயர்தான்.

அடுத்த மாதம் கடைசி ஞாயிறு மறுபடியும் மைதானம். கடிதம் இங்கே வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகிறது, அதைக் கணக்கில் வைத்துக்கொள். நேரத்துக்குத் தூங்கு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, நினைத்ததெல்லாம் உன் கைக்கு வந்து நீ நன்றாக இருக்க வேண்டும். இந்த ராக்கெட்டுக்கும் உயரம், தாமதம் இரண்டையும் நான் போட்டுவைத்திருக்கிறேன், அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ பதிலைக் கவரில் அப்பா பெயர் போட்டு அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் அம்மா