சிவப்புத் துணி சுற்றிய ஹோஸ்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. கவரில் என் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததுமே கிழித்துப் போடக் கை பரபரத்திருக்கும். கொஞ்சம் பொறு. உள்ளே உன் அக்காவைப் பற்றிய செய்தி இருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கிழி. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குவதுதான் முறை. முதல் பாதியை எழுதினால் பொய்யாகிவிடும். அதனால் இரண்டாம் பாதி மட்டும்: நலமறிய ஆவல்.

உன் விலாசம் உன் அக்காவின் தையல் மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கு அடியில் கிடைத்தது. வருஷத்துக்கு ஒன்றாக நீ அனுப்பிய பதினோரு கார்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘நலம் அக்கா.’ ஒன்றிலாவது ‘அத்தான் எப்படி இருக்கார்’ என்று ஒப்புக்காவது கேட்டிருக்கிறாயா என்று எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. கெட்டிக்காரன். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் ரெண்டு கெட்ட வார்த்தையாவது எழுதியிருப்பேன்.

ஊர்ச் செய்தி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்மண்டையில் முடி போய்விட்டது. பின்னால் இருப்பதை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு வீதியில் நடக்கிறேன், காற்றடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. எதிர்வீட்டு ‘கேசட்’ இன்னமும் அதே நாலு கதையைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். உன் பழைய ஒர்க்‌ஷாப் முதலாளி பல்செட் கட்டிவிட்டார். அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் வேலையாட்களைத் திட்டுகிறார், ஒரு வார்த்தையும் புரிவதில்லை, எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். முக்கியமான விஷயத்துக்கு வராமல் சுற்றி வருவது என் பிறவிக்குணம்.

உன் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை. உனக்கு ‘கொஞ்சம் அசதி’ என்று எழுதியிருப்பாள். அந்த அசதிக்காக ஒன்பது மாதமாக, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறோம். டாக்ஸியில் போனால் குலுக்கலில் எலும்பெல்லாம் வலிக்கிறது என்கிறாள். நம் பழைய காரின் முன்சீட்டைச் சாய்த்துத் தலையணை வைத்துக் கொடுத்தால்தான் கண்ணை மூடுகிறாள். காருக்கோ அவளைவிட வயது அதிகம். மேட்டில் ஏற ஏற ஆயில் சூடாகித் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது, பிரஷர் குறைந்து டேஷ்போர்டில் சிவப்பு லைட் கண்சிமிட்டுகிறது. நான் பாதி மலையில் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துவைத்து, காற்று வாங்கத்தான் நிற்பதுபோலப் பாட்டு முணுமுணுப்பேன். உன் அக்கா ஒருநாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள், “பாட்டை நிறுத்துங்க, அதுதான் லைட்டைவிடக் கொடுமையா இருக்கு. பரண்மேல இருக்கிற அந்த மூட்டையை இறக்குங்க.”

அந்த மூட்டைதான், மச்சான். ஆயில் கூலர், ஃபில்டரைத் தனியாக மாட்டுகிற தலை, ஹோஸ்கள் எல்லாம் இன்ஜினைப் பழுதுபார்த்தபோது உன் முதலாளி கழற்றிக் கொடுத்தபடியே சாக்கில் கட்டிக் கிடந்தன. பதினோரு வருஷம் அதன் பக்கம் நானும் போகவில்லை, அவளும் போகவில்லை.

நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் ஒருமுறை முழுசாகச் சொல்லியாக வேண்டும். இன்ஜினில் ஃபில்டர் இருந்த இடத்தில் நீ ஒரு பிளேட்டை வைத்தாய். அதிலிருந்து ஒரு ஹோஸ் ஆயிலை வெளியே கொண்டுபோகும். ஆயில் ஃபில்டருக்குப் போய், கிரில்லுக்குப் பின்னால் இருக்கிற கூலரில் ஆறி, இன்னொரு ஹோஸ் வழியாக இன்ஜினுக்குத் திரும்பும். அடையாளம் குழம்பக்கூடாது என்று உன் அக்கா ஃபில்டருக்குப் போகிற ஹோஸின் இரண்டு முனையிலும் சிவப்புத் துணி வைத்துத் தைத்தாள். ஃபில்டரைவிட்டு வருகிறதற்கு மஞ்சள். நீ எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, கிளாம்ப் ஒன்று குறைகிறதென்று கடைக்குப் போனாய். வந்து அதை மட்டும் முடுக்கினாய். நான் ஓட்டினேன். லைட் எரிந்தது. பின்சீட்டிலிருந்து நீ நிறுத்தச் சொன்னாய். “பயந்தாங்கொள்ளி” என்றேன். ஆறாவது கிலோமீட்டரில் ஒரு ஹோஸ் பிடுங்கிக்கொண்டு ஆயிலெல்லாம் பீய்ச்சியடித்தது, இன்ஜின் இறுகி நின்றது. உன் முதலாளி வந்து பார்த்துவிட்டு, ஃபில்டரில் ரெண்டு ஹோஸும் மாறியிருக்கு என்றார். ஃபில்டருக்குள் இருக்கிற ரப்பர் மடிப்பு ஆயிலை ஒரு பக்கமாகத்தான் விடும், எதிர்ப்பக்கம் வந்தால் வாயை மூடிக்கொள்ளும் என்றார். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீயும் வாயை மூடிக்கொண்டாய்.

நான் மூடவில்லை. அதுதானே என் வியாதி. அன்று சாயங்காலமே டீக்கடையில் நடித்துக் காட்டினேன். ‘ரிவர்ஸ் மெக்கானிக்’ என்று பெயர் வைத்தவன் நான். ஒரே வாரத்தில் ஊரே அந்தப் பெயரைச் சொன்னது. வண்டியை ரிப்பேருக்கு விட வந்தவர்கள், ரிவர்ஸ் கையில் கொடுக்காதீங்க என்றார்கள். உனக்கென்று வைத்திருந்த ஒர்க்‌ஷாப் பொறுப்பை முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்தார். அடுத்த மாதம் நீ ஊரில் இல்லை.

நேற்று இந்த வரியோடு நிறுத்திவிட்டேன். மருந்து கொடுக்கிற நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மூட்டையைப் பிரித்தேனா, எல்லாம் கரிக்கட்டை. அன்றைக்கு அடித்த ஆயில் ஊறி, சிவப்பு எது மஞ்சள் எது என்று தெரியவில்லை. எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் உன் அக்கா தையல்காரி ஆயிற்றே. அழுக்குத் துணியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஷெட்டில் நாற்காலி போட்டு, மடியில் போர்வையோடு உட்கார்ந்துகொண்டு, மண்ணெண்ணெயும் சோப்பும் கொண்டுவரச் சொன்னாள். ஹோஸைக் கழற்றாமலே நாலு முனையையும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். நடுநடுவே மூச்சு வாங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வந்தது.

ஒரு ஹோஸின் இரண்டு முனையிலும் சிவப்பு. மற்றதில் இரண்டு முனையிலும் மஞ்சள். அவள் சரியாகத்தான் தைத்திருக்கிறாள். ஆனால் ஃபில்டர் தலையில், ஆயில் போகிற திசைக்குப் போட்ட அம்புக்குறி உள்ளே காட்டுகிற வாயில் சிவப்புக்குப் பதில் மஞ்சள் இருந்தது. வெளியே காட்டுகிற வாயில் சிவப்பு.

ரெண்டு வாயையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள், “நான்தான் ஒரு முனையில நிறத்தை மாத்தித் தைச்சுட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். அவன் அதைக் கண்டுபிடிச்சு, எனக்காகத்தான் வாயைத் திறக்கலைன்னு நெனச்சேன். பதினோரு வருஷமா.”

மச்சான், நீயும் அப்படித்தானே நினைத்தாய்? நிறம் பார்த்துத்தான் மாட்டினோம், அக்காதான் தப்பாகத் தைத்திருக்கிறாள், சொன்னால் இந்த வாயாடி அத்தான் அவளை வாழ்நாள் முழுக்க நக்கலடிப்பான் என்று பழியை நீயே சுமந்துகொண்டு போய்விட்டாய். இல்லையென்று நீ எழுதினாலும் நம்பமாட்டேன். அன்றைக்கு நீ தலையைக் குனிவதற்கு முன்னால் ஒரு நொடி அவளைப் பார்த்தாய். நான் அதைக் கவனித்தேன்.

நீ கிளாம்ப் வாங்கப் போயிருந்தபோது நான் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஃபில்டர் தலையில் நீ மாட்டியிருந்த ரெண்டு ஹோஸும் ஒன்றுக்கொன்று குறுக்கே போய்ப் பெருக்கல் குறி மாதிரி இருந்தன. அசிங்கமாக இருக்கிறதே, பையன் அவசரத்தில் மாட்டிவிட்டான் போல என்று நினைத்தேன். கையால் முடுக்கியிருந்த ரெண்டையும் கழற்றி, குறுக்கே போகாமல் நேர்நேராக மாட்டி, ஸ்பானரால் இறுக்கினேன். அம்புக்குறி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தலையின் வாய்கள் இடம்வலம் மாறி இருந்ததால்தான் நீ வேண்டுமென்றே குறுக்கே விட்டிருந்தாய் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு ரெண்டு கோடும் இணையாக, ரயில் தண்டவாளம் மாதிரி அழகாக இருந்தது. என் கைவண்ணத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம்தான். பாதிதான் உண்மை. அந்த வாரத்திலேயே ஒருநாள் சவரம் செய்துகொண்டிருக்கும்போது ‘நாம் மாட்டியதாலோ’ என்று ஒரு எண்ணம் வந்தது. கண்ணாடியில் என் முகம் எனக்கே பிடிக்கவில்லை. அதற்குள் அந்தக் கதை டீக்கடையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கதையை நிறுத்த மனசு வரவில்லை. இவ்வளவுதான். இதைவிடக் கேவலமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் அக்காவிடம் அந்த ஷெட்டிலேயே சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றாவது எதிர்பார்த்தேன். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் காலையில், “என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவனுக்கு எழுதுங்க” என்றாள். சரி என்றேன். ரெண்டு நாள் கழித்து, எழுதினீங்களா என்றாள். போட்டாச்சு என்றேன். அடுத்த வாரமும் கேட்டாள், பதில் வரும் வரும் என்றேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை. “ஸ்டாம்ப் வாங்கக் காசில்லையா, இல்ல நாக்குல எச்சில் இல்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

கூலரை மறுபடி மாட்டினேன். மாட்டியது நான், மேஸ்திரி அவள். பழைய துணிகளை எடுத்துவிட்டுப் புதுசாகத் தைக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தாள். ஊசியில் நூல் கோத்துத் தாங்க என்று என்னிடம் நீட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஊசியை இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. நாலு விரற்கடை துணி தைக்க ரெண்டு நாள் ஆயிற்று. சிவப்பை அம்புக்குறி உள்ளே போகிற வாயில் மாட்டினேன். பெருக்கல் குறி மறுபடி வந்தது. மச்சான், நான் இதுவரை பார்த்ததில் அழகான பெருக்கல் குறி அதுதான். இன்ஜின் ஓடுவதற்கு முன்னால் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரட்டும் என்று ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, லைட் அணைகிறவரை செல்ஃப் மட்டும் அடித்தேன். பிறகுதான் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். ஹோஸும் கூலரும் குடித்த ஆயிலைக் கணக்குப் பார்த்து ஊற்றினேன். கூலர் நட்டில் ஒரு சொட்டு கசிந்தது, முடுக்கியதும் நின்றது. உன்னிடம் சபாஷ் வாங்கத்தான் இத்தனையும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

போன புதன்கிழமை மலை ஏறினோம். லைட் ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. அவள் வழியெல்லாம் தூங்கினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற மனுஷன், அன்று பார்க்கவில்லை. இனிமேல் இவ்வளவு தூரம் அவரை அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே சௌகரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். ஒரு ஜோக்கும் தோன்றவில்லை.

இறக்கத்தில் வரும்போது அவளே கேட்டாள், “இனி வர வேண்டாம்னுட்டாரா?” ஆமாம் என்றேன். “கார் சரியானதும் போக இடமில்லாமப் போச்சு பாருங்க, உங்க ராசி” என்று சிரித்தாள். கொஞ்ச தூரம் வந்ததும் சொன்னாள், ரயில்வே ஸ்டேஷனும் மேட்டு மேலதானே இருக்கு, தம்பி வந்தா நானே போய்க் கூட்டிக்கிட்டு வருவேன் என்று. நீ வந்ததும் முதலில் பானெட்டைத் திறந்து ஹோஸைச் சரிபார்த்த பிறகுதான் வண்டியில் ஏறுவாயாம். பந்தயம் கட்டியிருக்கிறாள்.

டீக்கடையிலும் சொல்லிவிட்டேன். அதே ஸ்டூலில் உட்கார்ந்து, அதே கதையை, ஆளை மட்டும் மாற்றி முழுசாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. உன் முதலாளி பல்செட்டைப் போட்டுக்கொண்டு உன் விலாசம் கேட்டார். மறுநாளே அந்தப் பெயர் என்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு நன்றாகத்தான் பொருந்துகிறது.

மன்னிப்பாயா என்று நான் கேட்கப்போவதில்லை. அதை நீ சாவகாசமாக யோசி, எனக்கு நேரம் இருக்கிறது. வருவதை மட்டும் யோசிக்காதே. எந்த ரயில் என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், கடிதம் வந்து சேர நாலு நாள் ஆகிறது. காலை வண்டிக்கும் சாயங்கால வண்டிக்கும் நாங்கள் ஸ்டேஷனில் இருப்போம். முன்சீட்டைச் சாய்த்துத் தலையணை வைத்தாயிற்று. பின்சீட்டு உனக்கு. நீ நிறுத்தச் சொன்னால் இந்தத் தடவை நிறுத்துவேன்.

உன் வரவை எதிர்பார்த்து,
உன் அத்தான்,
‘ரிவர்ஸ்’