பூ வைக்காத கதிரை

உம்முடைய மகள் ஆரணியின் கல்யாண அழைப்பிதழ் ஒன்று என் அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கிறது. இன்று காலை கதவைத் திறந்தபோது அதன் மணம் முகத்தில் அடித்தது. இப்போது அட்டைக்கும் வாசனை பூசுகிறார்கள். மல்லிகை என்றுதான் சொன்னார்கள். மல்லிகை மறுநாளே வாடிப்போகும். இதுவோ ஒன்றரை மாதமாகியும் குறையவில்லை. என் சேலைகளிலும் மடித்து வைத்த போர்வையிலும் ஏறிவிட்டது. பூ இல்லாத இடத்தில் பூ மணந்தால் யாரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். நானும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உமக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீர் அந்த அட்டையைப் பார்த்திருந்தால் முதலில் சிரித்திருப்பீர். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. காய்ந்த வேப்பிலையின் நிறம். பிள்ளையாரை ஒரே கோட்டில் இழுத்திருக்கிறார்கள். தும்பிக்கையில் தொடங்கும் கோடு காதோடு நின்றுவிடுகிறது, மிச்சத்தை நாமே நினைத்துக்கொள்ள வேண்டும். உறையின் மேல் அரக்கு முத்திரை. உள்ளே எண்ணெய்த்தாள் போல ஒரு மெல்லிய தாள் பெயர்களை மூடியிருக்கும். அதற்குக் கீழே பெயர்கள் பனிப்புகார் மூடியதுபோலத் தெரியும், தாளை விலக்கினால்தான் தெளியும். மூலையில் ஒரு கறுப்புக் கட்டம். கைத்தொலைபேசியை அதற்கு நேரே பிடித்தால் மண்டபத்துக்கு வழி காட்டும்.

வில்லங்கம் எல்லாம் அந்தப் பெயர்களில்தான் இருந்தது.

நீர் அறியாதது இல்லை. ஆனாலும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னால்தான் எனக்கு வரும். இத்தனை வருடம் பாடம் நடத்திய பழக்கம். ஆரணிக்கு மூன்று வயது நடந்தபோது, வெங்காய விதை வாங்கவென்று சைக்கிளில் புத்தூருக்குப் போன உம்முடையவர் திரும்பவில்லை. சைக்கிளும் திரும்பவில்லை. அன்று அவருக்கு வயது முப்பத்துநாலு. கண்டதாகச் சொன்னவர்கள் இரண்டு பேர், இரண்டு வேறு வேறு சந்திகளில். அவ்வளவுதான் தெரியும், இன்றைக்கும்.

நீர் பொட்டை அழிக்கவில்லை. திவசம் கொடுக்கவில்லை. ஆண்டுக்கொருமுறை வீட்டில் இருப்பவர்களின் விவரம் கேட்டுக் கிராம சேவையாளர் படிவம் கொண்டுவந்தால், முதல் வரியில் அவர் பெயரை எழுதி, எதிரே வயதையும் எழுதுவீர். முப்பத்தைந்து. நாற்பத்தொன்று. ஐம்பது. ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தேன். ஆண்டு சரியாகக் கூட்டியிருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்த்துக்கொண்டீர். ஒரு வீட்டில் ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் மூப்படைந்துகொண்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

ஆரணி பெரியபிள்ளையானபோது அடித்த அந்தச் சாமத்தியவீட்டு அட்டையை நீர் மறந்திருக்க மாட்டீர். நாம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் எல்லார் வீட்டு அட்டைக்கும் வசனம் எழுதுவது நான்தானே. உம்முடையதையும் எழுதினேன். தகப்பன் இல்லாத எத்தனையோ வீடுகளுக்கு எழுதிப் பழகிய கை. தலையைக் கேட்காமல் அவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுதிவிட்டது. மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வாசித்தீர். என் சிவப்புப் பேனையை எடுத்து அந்த ஒரு சொல்லை வெட்டினீர்.

“நீர் போய்ப் பாத்தனீரோ?” என்று மட்டும் கேட்டீர்.

ஒரு மாதம் நீர் என்னோடு தேத்தண்ணி குடிக்கவில்லை. அதன்பிறகு நான் அந்தப் பிழையைச் செய்யவில்லை. உம்முடைய மரண அறிவித்தலையும் நான்தான் எழுதினேன். ‘இன்னாரின் அன்பு மனைவியும்’ என்று மட்டும் எழுதி விட்டிருந்தேன். பத்திரிகைக் காரியாலயத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கேட்டாள்: “ரீச்சர், கணவர் இருக்கிறாரோ, இல்லையோ?”

“எழுதினமாதிரிப் போடுங்கோ” என்றேன். வேறு என்ன சொல்ல? மனதுக்குள் நான் அவரை எப்போதோ அடக்கம் செய்துவிட்டேன் என்பது உமக்குத் தெரியும். தெரிந்தும் நீர் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

நீர் போய் இரண்டு வருடத்தில் ஆரணிக்குச் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் கனடா. பொடியன் நல்லவன். அட்டைக்கும் மேடை அலங்காரத்துக்கும் ஒரே இடத்தில் சொல்லலாம் என்று, யாழ்ப்பாணத்தில் ஒரு கடையின் மேல்மாடிக்கு ஆரணி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கீழே பஸ் சத்தம். மேலே கண்ணாடிக் கதவை மூடியதும் ஒரு சத்தமும் இல்லை, குளிர் மட்டும். வடிவமைக்கும் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

“இப்ப எல்லாரும் இந்தச் சாம்பல் பச்சைதான் கேக்கினம் அக்கா. பூவும் ட்ரை ஃபிளவர். இந்தக் காஞ்ச புல்லுதான் இப்ப ட்ரென்ட்.”

“அப்ப எங்கடை வளவுக்கை காஞ்சு கிடக்கிறதை அள்ளிக்கொண்டு வந்தால் காணும்போலை” என்றாள் ஆரணி. அந்தக் கேலி அப்படியே உம்முடையது.

காய்ந்த பூவைக் கல்யாணத்துக்கு வைக்கலாமா என்று நான் கேட்டேன். “இது வாடாது அன்ரி, அதுதான் விசேஷம்” என்றாள் அந்தப் பிள்ளை. உண்மைதான். செத்த பிறகு வாடுவதற்கு என்ன இருக்கிறது? மணப்பெண் கையில் பிடிக்கும் பூங்கொத்தைக் காட்டினாள். அதன் நாடாவில் நகம் அளவில் ஒரு படச்சட்டம் தொங்கியது. இறந்துபோன தாய் தகப்பனின் படத்தை அதில் வைப்பார்களாம். பிறகு நினைவுக் கதிரையைக் காட்டினாள். மணவறைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கதிரை ஒன்று, முழுக்கப் பூ, நடுவில் படம். உயிரோடு இருந்திருந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று காட்டுவதற்காம்.

“எத்தினை படம் வைக்கவேணும் அக்கா? ஒண்டோ, ரெண்டோ?”

ஆரணி என்னைப் பார்த்தாள். கேட்டதில் பிழை இல்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆரணி அனுப்பியிருந்த குடும்பப் படங்களிலிருந்து இருவரையும் அவள் ஏற்கெனவே வெட்டி எடுத்திருந்தாள்.

“அம்மாவின்ரை படம் கிட்டடியிலை எடுத்தது. அப்பாவின்ரை சரியான பழசு. பக்கத்திலை வைச்சால் அம்மாவுக்கு மகன்மாதிரி இருக்கும். அதுக்கு ஒரு வழி இருக்கு, பாருங்கோ.”

அவள் எதையோ அழுத்தினாள். திரையில் அவர் முகம் கலங்கியது. பிறகு நெற்றி மேலேறியது. கன்னம் உள்ளே போனது. தலைமயிர் ஓரங்களிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. சட்டை மட்டும் மாறவில்லை, அந்தக் காலத்து அகலக் கழுத்துச் சட்டை. அதற்குள்ளிருந்து ஒரு கிழவர் எங்களைப் பார்த்தார்.

“எத்தினை வயசு போட்டனீங்கள்?” ஆரணி திரைக்குக் கிட்டப் போய்க் கேட்டாள்.

“அம்மாவின்ரை வயசை வைச்சு ஒரு அனுமானத்துக்கு அறுபத்திரண்டு.”

இந்த வருடப் படிவம் வந்திருந்தால் நீர் எழுதியிருக்கக்கூடிய அதே எண்.

அந்தக் குளிர் அறையில் எனக்கு ஒன்று விளங்கியது. பஸ்ஸில் நாம் போவோம். முன் இருக்கையில் ஒரு இளைஞனின் பிடரி தெரிந்தால் நீர் எழும்பி முன்னே போய்ப் பார்த்துவிட்டு வருவீர். காரியாலயம் காரியாலயமாக நீர் நீட்டிய படத்தில் இருந்ததும் முப்பத்துநாலு வயதுக்காரர்தான். இருபத்தைந்தாம் வருடத்திலும் அதே படம். படிவத்தில் அவரை ஒழுங்காக மூப்படைய விட்ட நீர், தெருவில் இளைஞனைத்தான் தேடினீர். கிழவர்களை நீர் பார்க்கவே இல்லை. எத்தனை பேர் உம்மைக் கடந்து போயிருப்பார்கள்?

“மூடுங்கோ தங்கச்சி. வைச்சிருக்கவேண்டாம், அழிச்சுவிடுங்கோ” என்றாள் ஆரணி.

அன்று பின்னேரமே, அனுப்பிய மாதிரி அட்டையைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் தாய் கனடாவிலிருந்து அழைத்தார். அட்டை அடுத்த நாள் அச்சுக்குப் போக வேண்டும். உம் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ இருக்கிறது, உம்முடையவர் பெயருக்கு முன்னால் இல்லை; அதுதான் அந்தத் தாயின் கவலை. கெட்ட மனிசி இல்லை, தன் பக்கத்துச் சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

“பிள்ளை, நான் குறையாச் சொல்லேல்லை. அப்பிடிப் போட்டால் சனம் மணவறையிலை தேப்பனைத் தேடுமெல்லோ?”

உமது முற்றத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். ஆரணி தொலைபேசியை நானும் கேட்கும்படி பிடித்திருந்தாள். ஒரு சொல்லைப் போட்டால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் தகப்பனைச் செத்தவர் என்று அச்சில் முதலில் சொன்னது பெற்ற மகளாக இருக்கும். நீர் காத்த இத்தனை வருடமும் அதோடு முடிந்துவிடும்.

“தேடட்டும் மாமி. நாங்கள் மட்டும் தேடினது போதும். மற்றவையும் ஒருக்காத் தேடட்டுமன்” என்றாள்.

“சரியம்மா, உன்ரை விருப்பம்” என்றார் மாப்பிள்ளையின் தாய்.

கதிரை விஷயத்தையும் அவளே முடிவு செய்தாள். உமக்குப் பூக்கதிரை. அதன் பக்கத்தில், மண்டபத்துச் சாதாரணக் கதிரை ஒன்று. பூ இல்லை, நாடா இல்லை, படம் இல்லை. “பூ வைச்சால் அதிலை ஒருத்தரும் இருக்கேலாது அன்ரி” என்றாள். அலங்காரம் செய்த பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. படம் எடுத்தால் அந்த மூலை குறையாகத் தெரியும் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

கல்யாணத்தன்று மண்டபம் முழுக்க அந்தச் சாம்பல் பச்சை. வெள்ளைப் பூவும் காய்ந்த புல்லும் குளிரூட்டியின் காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து அசைந்தன. மாமன் தாரை வார்த்தார். பகல் முகூர்த்தம். மேளம் கெட்டிமேளத்துக்கு ஏறும் நேரம் நான் தற்செயலாகத் திரும்பினேன். அந்தக் கதிரையில் ஒருவர் இருந்தார்.

வேட்டி, மடிப்பு முறியாத வெள்ளைச் சட்டை. நல்ல வயது போனவர். எப்போது வந்து இருந்தார் என்று தெரியாது. திரையில் கண்ட முகம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூக்கு வேறு, நிறமும் கறுப்பு. மண்டபத்தில் வேலை செய்யும் பெண் அவரை எழுப்ப விரைந்தாள். நான் மணவறையைப் பார்த்தேன். புகைக்குள் குனிந்திருந்த ஆரணி தலையை நிமிர்த்தி அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, “இருக்கட்டும் பிள்ளை” என்று திருப்பி அனுப்பினேன்.

தாலி கட்டி முடிந்தது. நான் அவர் அருகில் போனேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பிள்ளையின்ரை தாய் எங்கை?”

“உங்களுக்குப் பக்கத்திலைதான்” என்று பூக்கதிரையைக் காட்டினேன்.

அவர் மெல்லத் திரும்பினார். பூக்களுக்கு நடுவே இருந்த உமது படத்தை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேளம் நின்றிருந்தது. பிறகு சொன்னார்:

“வயசு போட்டுது.”

அவ்வளவுதான் சொன்னார். அறுகரிசி போடும் வரிசையில் கடைசி ஆளாய் நின்று, ஆரணியின் தலையில் போட்டுவிட்டு, பந்திப் பக்கம் போகாமல் வாசலால் இறங்கிப் போனார். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பக்கத்து ஆள் என்று நினைத்தார்களாம். எங்கள் பக்கத்தில் எவருக்கும் தெரியாது. எடுத்த படங்களில் அந்த இடத்தைக் காய்ந்த புல் மறைத்துக்கொண்டிருக்கிறது.

உமது பழைய மாணவி ஒருத்தியின் தகப்பனாக இருக்கலாம். பசித்த நேரத்தில் மண்டபம் மாறி வந்தவராகவும் இருக்கலாம். ஆனால் பசித்தவர் சாப்பிட்டிருப்பார். நான் இதைப் பல விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன், விடை வருவதில்லை.

நம் ஊரில் முகம் தெரியாத ஒருவரைக் கண்டால் முதலில் என்ன கேட்போம்? எந்த ஊர், நீங்கள் ஆரின்ரை ஆள்? சிறு பிள்ளைக்கும் வாயில் வரும் கேள்வி. எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. அவரோடு படிவரை நடந்தேன். அவர் செருப்பைத் தேடிப் போடும்வரை நின்றேன். கேட்கவில்லை.

நாலாம் நாள் ஆரணி வந்தாள். பாயில் இருந்து பரிசுப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் கேட்டாள்.

“அன்ரி, அந்தக் கதிரையிலை இருந்த ஐயா ஆர்?”

“நான் கேக்கேல்லை, பிள்ளை.”

அவள் கை நின்றது. பிறகு ஒரு நாடாவை மெல்ல அவிழ்த்து, சுருட்டி, பக்கத்தில் வைத்தாள்.

“நல்ல காலம்” என்றாள்.

கேட்டிருந்தால் அவர் ஒரு பெயரைச் சொல்லியிருப்பார். ஏதோ ஓர் ஊரையும், யாரோ ஒரு உறவையும் சொல்லியிருப்பார். அந்த நிமிடமே அவர் வேறொருவராகிப் போயிருப்பார்; ஆரணியின் அப்பா மறுபடியும் வராதவர் ஆகியிருப்பார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். விடை தெரியாவிட்டால் வெறுமனே நிற்காதே, கேள் என்று அடித்துச் சொன்னவள். இப்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் வைத்திருக்கிறேன். தெருவில் வயது போனவர்கள் எதிரே வரும்போது அது நாக்கு நுனிக்கு வருகிறது. அவர்கள் கடந்து போகும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.