லோடு ஏற்றாத கப்பல்

சின்னவளின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் ஜோராக இருக்கிறேன் என்பீர்கள். இங்கே நானும் சின்னவளும் நலம். நீங்கள் கேட்ட ஸ்வெட்டரை அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை அதன் கைக்குள் திணித்திருக்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் அது உங்கள் மேனேஜர் மேசையில் இருக்கிற போன். நான் கத்தினால் அவருக்கும் கேட்கும். நான் கத்தத்தான் போகிறேன்.

உங்கள் கூட்டம் இப்போதுதான் கிளம்பிப் போனது. குடித்த டம்ளர்கள் அப்படியே கிடக்கின்றன. நீங்கள் கோல்டு ஸ்டோரேஜ் வேலைக்கு அவ்வளவு தூரம் போன பிறகாவது இந்த ஞாயிற்றுக்கிழமைத் தொல்லை விடும் என்று நினைத்தேன். எங்கே விடுகிறது? சாப்பிட்ட கை காய்வதற்குள் தையல்காரர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பின்னாலேயே நர்ஸ் அக்கா. நான் பிறப்பதற்கு முன்னால் எடுத்த டிவி தொடர், அட்டையில் வெட்டி ஒட்டின விண்கப்பல், அதில் எங்கே ஓட்டை என்று தேட இவ்வளவு பெரிய மனிதர்கள்! கேப்டனின் கிழிந்த சட்டைக்கை அடுத்த காட்சியில் எப்படி ஒட்டிக்கொண்டது என்று தையல்காரர் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். தன் கடையில் அப்படி ஒட்டினால் தேவலையாம்.

இன்றைக்கு எஞ்சினியர் சாகிற கதை. உங்களுக்கா சொல்ல வேண்டும்? இயந்திர அறையில் விஷவாயு கசிகிறது. அவன் விழுந்து, மூச்சு நின்று, எல்லாம் முடிந்த பிறகுதான் எச்சரிக்கை ஒலிக்கிறது. அது ஏன் அவ்வளவு தாமதம் என்பதுதான் கேள்வி. எடுத்தவனுக்கு மூளையில்லை, அவ்வளவுதான் என்றார் நர்ஸ் அக்கா. தையல்காரர் விடவில்லை. உங்களைக் கேட்டே ஆக வேண்டும் என்று போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

நீங்கள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. மணி சும்மா சும்மா அடித்துக்கொண்டிருந்திருக்கும், அடிக்கும்போதெல்லாம் எல்லோரும் வெளியே ஓடி வர, லோடு ஏற்றுவது நின்றுபோயிருக்கும், இனி ஒருதடவை மணி அடித்தால் நீ வீட்டுக்குப் போ என்று கேப்டன் திட்டியிருப்பான், அதனால் எஞ்சினியரே மணி நாக்கைச் சுற்றி வேஸ்ட் துணியைக் கட்டியிருப்பான் என்றீர்கள். மூச்சுவிடாமல் சொன்னீர்கள். சொல்லி முடித்ததும் இருமினீர்கள்.

நர்ஸ் அக்கா கைதட்டினார். தையல்காரர்தான் தலையைச் சொறிந்துகொண்டு, அந்தக் கப்பலில் மணியே கிடையாதே, ஒரு பெண் குரல்தானே எச்சரிக்கும் என்றார். அதோடு, அது கிரகம் தேடிப் போகிற கப்பல், அதில் ஏது லோடு என்றும் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். மேனேஜர் வருகிறார் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அண்ணனுக்கு வேலைக் களைப்பு, உளறிவிட்டார் என்று அவர்கள் இருவரும் சிரித்தார்கள்.

நம் கல்யாண நாளை மறந்திருக்கிறீர்கள். என் பிறந்த நாளை மறந்திருக்கிறீர்கள். அந்தக் கப்பலைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. எந்தக் கதையில் எந்த விளக்கு எரியவில்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனுஷன் நீங்கள். அந்த மணி எந்தக் கப்பலில் இருக்கிறது? துணியைக் கட்டியது யார்? என்னிடம் மழுப்பாதீர்கள். போன தடவை வந்தபோது உங்கள் சட்டையைத் துவைக்க எடுத்தேன், நெடியில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. குளிரூட்டுகிற மெஷின் ரூம் என்றால் அமோனியா வாசனை இருக்கத்தான் செய்யும் என்றீர்கள். நானும் மண்டு மாதிரி நம்பினேன்.

மணி சும்மா அடிக்கவில்லை, அப்படித்தானே? கசிகிறது, அதனால் அடித்தது. குழாயைச் சரிசெய்யத் துப்பில்லாமல் மணியின் வாயைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் கட்டிவிட்டீர்கள். எனக்கு வருகிற கோபத்துக்கு அந்த மேனேஜரை மட்டும் திட்டினால் போதாது. உள்ளே மூட்டை தூக்குகிறவர்கள், ஏதாவது ஆனால் மணி அடிக்கும் என்று நம்பித்தானே குனிந்து வேலை செய்கிறார்கள்? அவர்கள் வீட்டிலும் ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். எனக்கும் பயம்தான், இல்லையென்று சொன்னால் பொய். போனால் போகட்டும். தையல்காரர் கடைக்குக் காஜா எடுக்க, பட்டன் தைக்க ஆள் தேடுகிறார், நான் போகிறேன். நீங்கள் ஊரில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பாருங்கள். கஞ்சியோ கூழோ, மூன்று பேரும் ஒன்றாகக் குடிப்போம்.

சின்னவள் இன்றைக்கு ஒன்று கேட்டாள். செத்துப்போன எஞ்சினியர் அதற்கடுத்த கதையில் கையில் கோப்பையோடு நிற்கிறானே, எப்படி அம்மா என்றாள். கதைகளை வரிசை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று தையல்காரர் விளக்கம் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு என் முகம் தெரியாதபடி சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தையல்காரரை உங்களிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வைப்பேன். மேனேஜர் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் கதைதானே பேசுகிறீர்கள். எஞ்சினியர் துணியை அவிழ்த்துவிட்டான், குழாயைச் சரிசெய்கிறவரை ஒருவரையும் உள்ளே விடவில்லை என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வேன். கேப்டன் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டு எஞ்சினியர் வீட்டுக்குப் போய்விட்டான் என்று சொன்னீர்களானால் அன்றைக்கே உங்கள் பாயைத் தட்டி வைப்பேன். அப்படி ஒரு காட்சியே தொடரில் கிடையாது என்று நர்ஸ் அக்கா சண்டைக்கு வருவார். வரட்டும், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்காகப் போன் பக்கத்திலேயே இருக்கும்,
சின்னவளின் அம்மா