ஒழுகியது வேறு இடத்தில், மச்சான்

பிரியமுள்ள சலீம் மச்சானுக்கு,

உங்கள் அம்பாசடரில் இப்போது ஒரு சொட்டு ஆயில்கூட ஒழுகவில்லை. நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டிய செய்தி. போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் கழித்துச் சொல்கிறேன். நம் ஊர் மரக்காணமே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சுனாமிக்கு மறு வருஷம் வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். உங்கள் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடும் நூர்ஜஹானுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டிருந்த நேரம். கால் பயிற்சிக்காக வாரம் இரண்டு நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "மச்சான், நிறுத்துன எடத்துல எல்லாம் ஆயில் சொட்டுது. இவளை வெச்சிக்கினு நடு ரோட்ல நின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றீர்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து ஒரு பார்வைதான் பார்த்தேன். "பின்னாடி ஆயில் சீல் போயிருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டேன். கியர்பாக்ஸை இறக்கிப் புது சீல் போட்டேன். பத்து நாளில் மறுபடியும் சொட்டியது.

அப்போதாவது எஞ்சினைக் கழுவித் துடைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆயில் சொட்டுகிற இடம் வேறு, கிளம்புகிற இடம் வேறு என்பது இருபது வருஷம் இந்த வேலை செய்தவனுக்குத் தெரியாதா? முதலில் சொன்னது தப்பாக இருந்துவிடுமோ என்று பயம். இரண்டாவது தடவை நான் கியர்பாக்ஸை இறக்கவே இல்லை, மச்சான். அடியில் துடைத்து, நாலு போல்ட்டை முறுக்கிவிட்டு, "வேற சீல் போட்டுட்டேன்" என்று சாவியை நீட்டினேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள்.

மூன்றாவது தடவை நீங்கள் வரவில்லை. பஸ்ஸில் போக ஆரம்பித்தீர்கள். என் ஷெட்டுக்கு எதிரில்தான் பஸ் ஸ்டாப். தங்கச்சியின் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, வராத அந்தக் காலைக் கையால் தூக்கிப் படியில் வைப்பீர்கள். உள்ளேயிருந்து யாராவது "சீக்கிரம் ஏறுங்க பாய்" என்று கத்துவார்கள். நான் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். டீக்கடையில் ஒருத்தர், "ஏம்பா, பாய் வண்டிய உன்னால சரி பண்ண முடியலியாமே?" என்று கேட்டார். "வண்டியில ஒண்ணும் இல்லீங்க. அவருதான் அளவு பாக்காம ஆயிலை ஊத்துறாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதிலிருந்து உங்களுக்கு 'ஆயில் பாய்' என்று பெயர். உங்கள் காதிலும் விழுந்திருக்கும். விழுந்த பிறகும் பஸ் ஸ்டாப்பிலிருந்து எனக்குக் கையசைத்தீர்களே, ஏன் மச்சான்?

நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். ஜனாசாவுக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தத் தகுதி எனக்கு இருந்ததா?

துக்கத்துக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா முடிந்ததும் தங்கச்சி சொல்லி அனுப்பியது. தன் தம்பி யூசுப் வண்டி ஓட்டுவதாகவும், ஒழுகுவதை மட்டும் நிறுத்தித் தரும்படியும். இந்தத் தடவை டீசல் ஊற்றி எஞ்சினை முழுக்கக் கழுவினேன். காய்ந்ததும் முகப் பவுடரைத் தூவி ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில், வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. எஞ்சினுக்கு மேலே இருக்கும் டாப்பெட் கவரின் பின் மூலையிலிருந்து. மூடிக்கு அடியிலிருந்த கார்க் பேக்கிங் வெடித்திருந்தது. அங்கிருந்து பின்பக்கமாக வழிந்து, கீழே கியர்பாக்ஸ் பக்கம் சொட்டியிருக்கிறது. புதுசு போட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பானட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வண்டியை உங்கள் வீட்டில் விட்டுவிட்டு, தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயில் சீல் மாற்றாததையும் சொன்னேன், டீக்கடைப் பேச்சையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அது சொன்னது:

"அவரு ஒரு நாளும் உங்களைக் கொற சொல்லலண்ணே. 'ஏழுமலை நல்லாதான் செஞ்சிருக்காரு, வண்டிதான் பழசு'ன்னு சொல்வாரு. எனக்கு எடம் புடிச்சிக் குடுத்துட்டு புதுச்சேரி வரைக்கும் நின்னுக்கினே வருவாரு. அதை எங்க போய் சரி பண்ணுவீங்க?"

"இனிமே நானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு வர்றேம்மா" என்றேன்.

"வேணாண்ணே. யூசுப் இருக்கான். டீக்கடையில பேசினீங்களே, அங்க போய் சொல்லுங்க."

மறுநாள் காலை, கூட்டமாக இருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். "சலீம் பாய் மேல தப்பே இல்ல. நாந்தான் எங்க ஒழுகுதுன்னு பாக்காம பொய் சொல்லிட்டேன்" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு பேர் ஷெட்டில் விட்டிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களை எப்படிக் குற்றம் சொல்வது?

வாரத்தில் இரண்டு நாள் உங்கள் வண்டி என் ஷெட்டைத் தாண்டிப் போகிறது. முன் சீட்டில் தங்கச்சி. என் பக்கம் திரும்புவதில்லை. திரும்ப வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாயில்லை.

இனி எந்த வண்டி வந்தாலும் கழுவிப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன், மச்சான். தெரியவில்லை என்றால், வண்டிக்காரர் முகத்தைப் பார்த்து, தெரியவில்லை என்றே சொல்வேன்.

அந்த ஒரு வார்த்தையை உங்களிடம் சொல்லாமல் போன
உங்கள் மச்சான்
ஏழுமலை